ஏழாவது பாட்டில் ஓர் இருமல்

சந்தியாகோவில் நள்ளிரவு என்றால்
எங்கள் பூந்தா அரேனாஸில் மணி ஒன்று.
குளிர்காலம் முழுக்கத் தலைநகரை விட
ஒரு மணி நேரம் மூத்தவர்கள் நாங்கள்.
அதனால் ஒரு லாபமும் கிடையாது.
அவள் புது ஆல்பத்துக்கு
மற்றவர்களை விட ஒரு மணி கூடுதலாகக்
கண் விழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு நண்டுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட்.
"விடிந்து கேட்டால் பாட்டு கெட்டா போய்விடும்?"
என்று அக்கா ரோசியோ திட்டினாள்.
கெட்டுப் போகும்.
விடிவதற்குள் நாடே கேட்டு முடித்த பாட்டு
எச்சில் பட்ட கோப்பை.

நியெவெஸ் என்றால் பனி.
மழையே அறியாத வடக்குப் பாலைவனத்தில்
பிறந்தவளுக்கு யார் வைத்தார்களோ அந்தப் பெயர்.
பனி கொட்டுகிற எங்கள் ஊருக்கு
அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை.
சுற்றுப்பயணமெல்லாம் புவெர்த்தோ மோன்த்தோடு சரி.
அதற்குக் கீழே நாடு தீவு தீவாகச் சிதறிக் கிடப்பதால்
வரைபடம் கிழிந்துவிட்டது என்று
நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

மணி ஒன்று.
போர்வைக்குள் போன். ஜன்னலில் காற்று.
முதல் பாட்டு.
டிரம்ஸ் எங்கே?
ஒரு கிட்டார், ஒரு நாற்காலி கிரீச்சிடும் சத்தம்,
பிறகு அவள் குரல்,
மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் குடிவந்த குரல்.
பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்று
பெயரைச் சரிபார்த்தேன்.

1:06. யோலாண்டாவின் செய்தி:
"அழுதுகொண்டிருக்கிறேன்."
"நானும்" என்று அனுப்பினேன்.
பொய்.

மூன்றாவது பாட்டு,
கணவன் வைக்கும் பூசணி சூப்பைப் பற்றி.
நான்கு நிமிடம்.
நியெவெஸ், சூப்பா?
உன் இரண்டாம் ஆல்பத்து அட்டையைப் பார்த்து
சமையலறைக் கத்தரியால் முடி வெட்டிக்கொண்டவள் நான்.
எக்தோர் போன வருடம் முழுக்க
உன் அழுகையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்,
பெருங்காற்று நாளில் எங்கள் தெருமுனையில்
கட்டிவைக்கிற கயிற்றைப் பிடித்து நடப்பதுபோல.
நீ பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
சாப்பிடப் போய்விட்டாய்.

நான்காவதைத் தள்ளிவிட்டேன்.
ஐந்தும் ஆறும் ஓடியபோது
கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது,
சரியாகக் கேட்கவில்லை. மன்னிப்பு கேட்கப்போவதில்லை.

ஏழாவது.
ஆரம்பத்தில் ஓர் இருமல்.
வெட்டி எறியாமல் விட்டிருக்கிறார்கள்.
நனைந்த தீக்குச்சி உரசுகிற மாதிரி இருமல்.
பிறகு மெல்ல ஏறுகிறாள்,
எனக்குத் தெரியும் இந்த ஏற்றம்,
பதினாறு வருடமாக இதன் உச்சியில்
அவள் ஒரு ஸ்வரத்தை
ஆகாயத்தில் ஆணியடித்து மாட்டுவாள்,
நான் போர்வைக்குள் கழுத்தை நீட்டிக் காத்திருக்கிறேன்.
ஒரு படி முன்னால் நின்றுவிட்டாள்.

மூச்சு கேட்கிறது.
கிட்டார் தனியாக அந்த இடத்தைக் கடக்கிறது.

எட்டவில்லையா?
வேண்டாம் என்று விட்டாளா?
திரும்பப் போட்டேன். திரும்ப.
மூன்றாம் தடவை, அந்த வெற்றிடத்தில்
என் ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்டது,
மாடிப்படியில் யாரோ பூட்ஸிலிருந்து பனியை உதறுவது கேட்டது.
இவையெல்லாம் இத்தனை வருடமும்
அவள் உச்சஸ்தாயிக்குப் பின்னால்
இருந்துகொண்டுதான் இருந்தனவா?

எட்டு, ஒன்பது, பத்து இன்னும் பாக்கி.
தூங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஐந்தரைக்குக் கத்தி, கையுறை, ஆவி பறக்கும் தொட்டி.
சிவந்த கால்களை உடைத்து உடைத்து
வெள்ளைச் சதையை உருவுகிறோம்.
எதிரே முகமூடிக்குள் யோலாண்டா
ஏழாவதை முணுமுணுக்கிறாள்.
நானும் சேர்ந்துகொள்கிறேன்.
அந்த இடம் வந்ததும்
சொல்லிவைத்தாற்போல் இரண்டு பேரும் நிறுத்தினோம்.
குளிர்சாதன மோட்டார் மட்டும் பாடியது.

"சூப் பாட்டு?" என்றேன்.
"கண்றாவி," என்றாள்.
இன்னொரு நண்டை எடுத்தாள்.
"மதியம் திரும்பப் போட்டுப் பார்ப்போம்."