நான்காவது கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
திருவாரூர் ஆயுதப்படைக் கிடங்கில்
வரிசை மதில்வரை நின்றது.
ஒருமுறைகூட வெடிக்காமல் வயதான இரட்டைக்குழல்கள்,
சாக்கில் சுற்றிய மாமனார் சொத்துகள்.
ஒன்றுக்கு ஐந்து நிமிடம்:
பெயர், எண், ரசீது.

கூத்தாநல்லூர் ஜுலைகா பேகம்
மேஜைமேல் வைத்ததற்கு மட்டும்
அரைநாள் போனது.

லைசென்ஸ் கணவர் பேரில்.
மௌத்தாகிப் பதினெட்டு மாதம்,
பெயர்மாற்ற மனு இன்னும் கலெக்டர் ஆபீசில்.
பாயிண்ட் டூ டூ, போட்டிக்கு
என்பதோடு முடிந்துவிட்டது பழைய குமாஸ்தா எழுத்து.
படிவத்தின் நான்காவது கட்டம் கேட்டது:
தயாரித்தவர்.

எங்கும் பெயரில்லை.
குழலின் அடியில் நெல்மணி அளவு முத்திரை
கழுகா கோழியா
லென்ஸ் வைத்தும் பிடிபடவில்லை.
உள்ளே வெளிச்சம் விட்டேன்.
ஆறு வரிப்பள்ளம், வலமாகச் சுழன்று
மறுமுனை வெள்ளை வட்டத்துக்குள் போனது.
அயல்நாட்டுக் குழல், சந்தேகமில்லை.
அத்தனை ஒழுங்கு
எங்கள் வாய்க்கால் எதற்கும் கிடையாது.

போல்ட் வேறு ஊர், வேறு காலம்,
அரத்தால் ராவி உறவாக்கியது.
பின்தகட்டை நகர்த்தும் திருகு மட்டும்
பார்த்த முகமாயிருந்தது:
தையல் மெஷினில்
துணியழுத்தும் காலைப் பிடிக்கிற அதே திருகு.
கட்டையை வால்நட் என்று எழுதப்போனேன்.
சுரண்டி மோந்தால் வாகை.

வாகை உப்பும்.
வெண்ணாற்றங்கரை ஈரத்தில்
ஐப்பசிக்கு ஓரிடம் பங்குனிக்கு ஓரிடம்
என்று தோட்டா போய்ச் சேரும்.
அதற்கு என்ன செய்தான் இவன்?
இரண்டு திருகையும் கழற்றிக்
குழலைத் தூக்கினேன்.

இளஞ்சிவப்பு.
இரும்பு படுத்திருந்த பள்ளம் முழுக்க
ஈறின் நிறம்.

என் நாக்கு தானாகப் போய்
மேல்வரிசையில் கட்டிய மூன்று பல்லைத் தொட்டது.
மன்னார்குடி மேலராஜவீதி,
மாடிப்படிக்குக் கீழே பல்செட் கடை.
போனில் லூர்துசாமி சிரித்தார்.
"துப்பாக்கியத் தொட்டதே இல்ல சார்.
ஒருத்தர் மரத்தொட்டியாட்டம் ஒண்ணு கொண்டாந்தார்,
தாடைக்கு அச்சு எடுக்கறமாரிதான் எடுத்தேன்.
கடிச்சுப் பாக்கத்தான் ஆளில்ல."

கட்டம் ஒரு விரல் நீளம்.
இத்தனை பேரை எப்படி எழுத?

சும்மா அளந்து பார்த்தேன்.
பின்தகட்டிலிருந்து விசைக்குப் பன்னிரண்டு அங்குலம்.
லைசென்ஸ்படி அவர் உயரம் ஆறடி ஒன்று.
போல்ட்டின் கைப்பிடி இடப்புறம்.
கன்னம் சாயும் வலப்பக்கம்
மெருகு போய் வழவழவென்றிருந்தது,
அங்கே மெல்லிய கீறல்கள்,
முக்காட்டு ஊசி உரசியதுபோல.
பள்ளத்து ஓரத்தில் பென்சில் எழுத்து,
எச்சில் தொட்டுப் பார்த்தால் தெரிந்தது:
முன் திருகு கால் சுற்று குறைச்சல்.

அந்தம்மா பெஞ்சில்
மூன்றாவது மோர்ப் பாக்கெட்டில் இருந்தார்.
பூட்ட ஆரம்பித்தேன்.
"பின்னது மொதல்ல," என்றார் இருந்த இடத்திலிருந்தே,
"முன்னத முழுக்க இறுக்கிடாதீங்க."
எவ்வளவு விடணும் என்று கேட்டேன்,
தெரியாதவனாட்டம்.
"கால் சுத்து."

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன்.
இடது கையில் வாங்கினார்.
உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர்,
அதற்காக என்று போட்டு இவர் பெயர்.
நான்காவது கட்டத்துக்கு மேல்
இரண்டு பேர் பார்வையும் ஒரு நொடி நின்றது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"எப்பத் தருவீங்க?"
"ரிசல்ட் வந்து ஒரு வாரம்."
"அதுக்குள்ள மழை வருமா?"
"சித்திரைல எங்கம்மா மழை."
"கோடைமழை இருக்குல்ல," என்று
படியிறங்கிப் போனார்.

மற்றதெல்லாம் ஓதத்தில் ஊறும் கீழ்த்தட்டில் சாய்ந்திருக்க
இதை மட்டும் மேல்தட்டில் படுக்கவைத்தேன்,
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.
கட்டத்தை நாளைக்கு நிரப்பலாம்.