லாம்

நான்காம் கூண்டு எலிகளுக்கு
வால் முனையில் மஞ்சள் பூசியிருக்கிறேன்.
அவற்றுக்குச் சிஸ்பிளாட்டின் ஓர் ஊசி,
முன்னும் பின்னுமாகப் பத்து நாள்
சிறுபீளைச் சாறு, குழல்வழி.
இரண்டாம் கூண்டுக்கு ஊசி மட்டும்.
அவை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன,
மரத்தூளை நனைத்துக்கொண்டே இருக்கின்றன,
மூன்றாம் நாள் முதுகை வளைத்து
மூலையைப் பார்த்து உட்காருகின்றன.
ஹீட்டர் எரிந்தும் ஊட்டிக் குளிர்
ஜன்னல் இடுக்கில் விரல் விடுகிறது.

போகிக்கு முதல் நாள் மேட்டுப்பாளையம் சந்தையில்
காப்புக்கட்டு விற்கிற பெண்ணிடம்
வேப்பிலை வேண்டாம், ஆவாரம்பூ வேண்டாம்,
பீளை மட்டும் முப்பது கிலோ என்றேன்.
"எத்தனை வீட்டுக்குக் காப்புக் கட்டப்போறே?" என்றாள்.
கணக்குப் போட்டேன்:
ஆறு எலி, பன்னிரண்டு சிறுநீரகம்.

மூட்டையைக் கல்லூரி வேனில் ஏற்றியவர் போஜன்.
இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை
கோவையில் அவருக்கும் அதே மருந்து,
வெளிச்சம் படாமல் தாள் சுற்றிய பாட்டிலில்.
நுரையீரல் கட்டி சுருங்கிவிட்டதாம்.
கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது.
நாலாவது ஊசியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.
பர்லியாறு தாண்டியதும்
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:
"எலிக்குக் குடுக்கறதுல ஒரு டம்ளர்
எனக்குக் குடுத்தா கொறஞ்சா போயிரும்?"

கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
மாட்டேன் என்பதற்குக் காரணம் இருந்தது.
சிறுநீரகத்தைக் காக்கிற சாறு
கட்டியையும் சேர்த்துக் காத்துவிட்டால்?
என் எலிகளிடம் அதைக் கேட்க முடியாது.
என் எலிகளுக்குக் கட்டியே இல்லை.
இதைச் சொன்னேன்.
அவர் ஹாரன் அடித்தார்,
எதிரே வண்டி ஏதும் வராத வளைவில்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, நுண்ணோக்கியில்
இரண்டாம் கூண்டின் நுண்குழல்கள்
கரையிடிந்த வாய்க்கால்களாகக் கிடந்தன.
நான்காம் கூண்டில் கரை நின்றிருந்தது.
முழுக்க அல்ல. ஆறில் நாலுக்கு.

ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில்
'காக்கும்' என்று எழுதினேன்.
பேராசிரியர் ஜெபக்கனி சிவப்பு மசியில்
'கும்'மை அடித்துக் 'கலாம்' போட்டார்.
காக்கலாம்.
மூன்று வருஷம், எழுபது எலி,
இந்த ஒரு லாம்.
அன்று இரவு அவரைத் திட்டிக்கொண்டே படுத்தேன்.
காலையில் அவர் போட்டது சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை போஜன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.
ஒன்று புள்ளி மூன்றுக்கு இறங்கிவிட்டதாம்.
பீளை இல்லை, பச்சிலை எதுவும் இல்லை.
இரண்டு ராத்திரி ஏற்றிய உப்புத்தண்ணீர்,
வீட்டில் நாளைக்கு மூன்று லிட்டர், அளந்து.
"அடுத்த ஊசி போடலாம்னுட்டாங்க" என்றார்.
போடலாம்.
அந்த லாமை அவர் வாயில் கேட்க
வேறு சொல்லாக இருந்தது.

குன்னூர் போவதற்குள்
இரண்டு இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.
"மூத்திரம் வருதுங்க" என்றார்,
பேரன் பிறந்ததைச் சொல்கிற குரலில்.