மூன்று மடல் பெட்டி

சூரமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் தகரக்கூரைக் கிடங்கில்
மாற்றலாகிப் போகிறவர்கள்
கட்டிலையும் கிரைண்டரையும் விட்டுப் போவார்கள்.
பெட்டி ஒன்றுக்கு மாதம் அறுபது ரூபாய்.
எலி கடித்தால் பொறுப்பு எங்களுடையது,
மனசு மாறினால் இல்லை.

முதலாளி அர்த்தநாரிக்கு
எதையும் ஒருதடவை மட்டும் பயன்படுத்தினால்
தூக்கம் வராது.
சுற்றுச்சூழல் என்கிறார் இப்போது.
போன வருஷம்வரை அதை
நாங்கள் கஞ்சத்தனம் என்றுதான் சொன்னோம்.

பாதி வெடித்த பபிள் ஷீட்டைக்
குழாயில் சுற்றி வைப்போம்.
செருப்பு டப்பாவில் வரும் உப்புமணிப் பொட்டலங்களைச்
சித்திரை வெயிலில் கூரைமேல் காயவைத்து
மறுபடி பீரோவுக்குள் போடுவோம்.
கல்யாண பிளக்ஸைக் குப்புறப் போர்த்திய சோபாக்களில்
யாரோ ஒரு மாப்பிள்ளையின் சிரிப்பு
மெத்தைக்குள் பதிந்து கிடக்கும்.
ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கொண்டுவரும்
மிளகுச் சாக்கில் பாத்திரம் கட்டினால்
ஆறுமாதம் கழித்துப் பிரிக்கிறவர் தும்முவார்.
அதற்கும் ஒரு புகார் வந்திருக்கிறது.

அட்டைப்பெட்டிக்குத்தான் கணக்கு அதிகம்.
திருப்பித் தந்தால் இருபது ரூபாய்.
பழைய எழுத்தை மார்க்கரால் அடித்துவிட்டுப்
புதிதாக எழுதுவது என் வேலை.
இடமில்லையென்றால் மேலே காகிதம் ஒட்டுவேன்.
'பூஜை சாமான்' என்பதை அடித்து
'ஷூ, செருப்பு' என்று எழுதவேண்டி வந்தபோது
கொஞ்சம் யோசித்தேன்.
பிறகு எழுதினேன்.

ஆவணியில் ஒரு மதியம் ரெஜினா அக்கா வந்தார்.
சிக்னல் பிரிவு தேவசகாயத்தின் மனைவி.
தையில் சாமான் எடுத்து,
பதினொரு பெட்டியும் திருப்பித் தந்து,
இருநூற்று இருபது வாங்கிப் போனவர்கள்.
பங்குனியில் அவர் இறந்துவிட்டாராம்.

"அவர் எழுதின பெட்டி ஒண்ணு வேணும்."
"எந்தப் பெட்டிங்க்கா?"
"எது இருந்தாலும்."

போட்டோ இருக்கிறது.
போனில் குரல்கூட இருக்கிறது.
பாங்கில் கையெழுத்து இருக்கு, என்றார்,
எழுத்துதான் எங்கேயும் இல்லை.

நாலு பெட்டி ஓசூர் போய்விட்டது.
மூன்று, மாம்பழ மண்டிக்கு.
மூன்றைக் கறையான் எடுத்துக்கொண்டது.
கடைசி ரேக்கில் யாருடைய குக்கர்களையோ
சுமந்துகொண்டிருந்தது மிச்சம் ஒன்று.

கத்தி வைக்கவில்லை. ஈரத்துணியால்
ஒட்டிய காகிதத்தை ஊறவைத்து உரித்தேன்.
முதலில் குக்கர்க்காரர் போனார்.
அவருக்குக் கீழே ஒரு நர்சிங் மாணவி.
அதற்கும் கீழே தடித்த கறுப்பில்
நான் இழுத்த கோடு,
கோட்டின் அடியில்
'சில்லறைச் சாமான். உதவும். வீசாதே.'

வீசாதேயின் துணைக்கால் மட்டும்
என் கோட்டுக்குத் தப்பி
வெளியே நீண்டிருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.
திடீரென்று சிரித்தார்.
"இருபது வருஷமா இதுக்குத்தான் சண்டை.
உள்ளே என்ன தெரியுமா?
வயர் துண்டும் உடைஞ்ச பிளக்கும்.
வீட்டுக்குக் கொண்டுபோன அன்னைக்கே
வீசிட்டேன்."

முழுப்பெட்டி வேண்டாம், அந்த ஒரு மடல் போதும்.
அர்த்தநாரியே அறுத்துக் கொடுத்தார்.
நாலில் ஒன்று, அஞ்சு ரூபாய் என்று
அவர் வாய் பழக்கத்தில் முணுமுணுத்துவிட்டது.
அக்கா நீட்டினார்.
வேறு வழி தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கடை பூட்டும்போது
"இனிமே மார்க்கர் வேண்டாம்" என்றார்.
"பென்சில்ல எழுதி அழிச்சுக்கலாமா?"
"அழிக்க வேண்டாம். பக்கத்துல எழுது."

இப்போது ஒவ்வொரு பெட்டியிலும்
நாலைந்து குடும்பங்கள் தோளோடு தோள் நிற்கின்றன.
வண்டிக்காரர் யாருடையது என்று தெரியாமல்
என்னைத் திட்டுகிறார்.

கணக்கு நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே
எழுதி வைத்திருக்கிறேன்:
மூன்று மடல். உதவும்.