அரைப் பேர்

அட்டன் தொழில் அலுவலகத்தின் மாடியில்
பத்தே முக்காலுக்கு வரவேண்டிய துரை
பன்னிரண்டுக்கு வந்தார்.
அதுவரை மழை தகரத்தோடு பேசிக்கொண்டிருந்தது,
என் உதவி தேவைப்படாமல்.

பையில் ஒரு பழைய புத்தகம்.
கண்டி நடைபாதையில் நூற்றிருபது ரூபாய்.
அட்டையும் முதல் பதினாறு பக்கமும் இல்லை,
அதோடு அந்த மனிதனின் பெயரும் போய்விட்டது.
தேடினால் கிடைக்கும். நான் தேடவில்லை.

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியவன்.
ஆங்கிலம் ஒரே சொல்லை
மூன்று விதமாய் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.
ராஜாவின் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து
குதிரையில் போவான்.
பிரான்சில் சிரிப்பான், ஸ்பெயினில் பணிவான்,
இத்தாலியில் பட்டாளத்திடம் பிடிபட்டான்.
ஊர் திரும்பினால் அங்கேயும் சிறை.
கம்பிக்கு வெளியே
கூடச் சாப்பிட்டவர்களின் தலை விழுவதைப் பார்த்தானாம்.
அதைப் பற்றி எந்த அரசுக் கடிதத்திலும்
ஒரு சொல் எழுத முடியாது.
இத்தாலியிலிருந்து கொண்டுவந்த
பதினாலு வரிப் பெட்டி ஒன்று இருந்தது.
சுங்கத்தில் யாரும் திறந்து பார்க்காத சாமான்.
சொல்லக்கூடாததை எல்லாம்
காதல் மாதிரி மடித்து அதில் வைத்தான்.

துரை குடையை உதறிவிட்டு உட்கார்ந்தார்.
ஆணையாளர் சிங்களத்தில் கேட்பார்,
துரை ஆங்கிலத்தில் சொல்வார்,
மேற்பிரிவிலிருந்து வந்த நாலு பெண்கள் தமிழில் காத்திருப்பார்கள்.
நடுவில் என் நாக்கு,
மூன்று வீட்டுக்கும் ஒரே குழாய்.

பவளக்கொடி எழுந்தாள்.
விரலிடுக்கில் கொழுந்துக் கறை.
"பதினெட்டு கிலோவுக்கு ரெண்டு கிலோ கொறஞ்சா
அரைப் பேருன்னு செக்ரோல்ல போடுறீங்க.
சரி.
மிச்ச அரைப் பேர வச்சிக்கிட்டு
தொரை யாரைக் கூப்பிடுறாரு?"

அறை என்னைப் பார்த்தது.
நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு
ஆங்கிலத்தில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை சொன்னேன்:
கணக்கிடும் முறை குறித்து
இவர் விளக்கம் கோருகிறார்.

துரை தலையசைத்தார். தேநீர் வந்தது,
எங்கள் மலைத் தூள் இல்லை,
எங்கிருந்தோ வந்த பைத்தூள்.

அவன் செத்ததும் ஒரு தூதுக்காகத்தான்.
வந்திறங்கிய வெளிநாட்டுத் தூதரை எதிர்கொள்ள
வெயிலில் குதிரையை விரட்டி, காய்ச்சல் கண்டு,
வழியிலேயே முடிந்தான்.
உயிரோடு இருந்தவரை
அவன் வரிகள் கையெழுத்தில்தான் சுற்றின.
பதினைந்து வருஷம் கழித்து அச்சிட்டவர்கள்
நொண்டுகிற இடங்களைத் தட்டிச் சமன் செய்தார்களாம்,
காதுக்கு இதமாக.
அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
போடும்போது கை கூசியது.

படியில் இறங்கையில் பவளக்கொடி
என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.
"நான் சொன்னத அப்பிடியே சொன்னியா?"
"சொன்னேன்."
"அப்ப ஏன் ஒருத்தரு மூஞ்சியும் மாறல?"

பிள்ளைக்கு மருந்து வாங்கவேண்டும் என்று
மழையிலேயே நடந்தாள்.
கூட்டக் குறிப்பில் துரைக்குப் பெயர், பதவி.
அவளுக்கு 'தொழிலாளி 3'.
எனக்கு 'மொழிபெயர்ப்பாளர்'.

டிக்கோயா பஸ்ஸில், சன்னல் மூடாத சீட்டில்,
டிக்கெட்டின் பின்பக்கமும்
குறிப்பேட்டின் கடைசித் தாளுமாக
அந்தப் பதினாலு வரிப் பெட்டியைச் செய்து பார்த்தேன்.
முதல் வரி அவளுடையது.
மிச்ச அரைப் பேர வச்சிக்கிட்டு
தொரை யாரைக் கூப்பிடுறாரு.
பெட்டிக்குள் அடங்காமல் கால் வெளியே நீட்டியது.
இரண்டு தடவை வெட்டினேன்,
இரண்டு தடவையும் திரும்ப எழுதினேன்.

இறங்கும்போது ஒன்பது வரி.
நிறுத்துப் பார்த்தால்
கணக்கப்பிள்ளை இதற்கும் அரைப் பேர்தான் போடுவார்.
முதல் வரி நொண்டுகிறது.
நொண்டட்டும்.