சு. செங்கமலம், சி. செங்கமலம்

பெயர் கிடைக்கவில்லை என்கிறது கணினி.
தையல்நாயகி மேடம் மறுபடி அடிக்கிறார்,
காது மந்தமானவரிடம் சொல்வதுபோல
ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி:
செ ங் க ம ல ம்.

கிடைக்கவில்லை.

மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு
செங்கமலம் என்று ஒருவரும் இல்லை என்றால்
தாயார் சந்நிதியில் என்ன பதில் சொல்வது?
பேரேட்டுக்குப் பின்னால் சிரிக்கிறார் அந்தோணிசாமி.
மேடம் சிரிக்கவில்லை.
களத்தில் நாலாயிரத்து இருநூறு மூட்டை குறுவை,
மேலே தார்ப்பாய், அதற்கும் மேலே ஐப்பசி.
ஈரப்பதம் பத்தொன்பது.
திருவாரூரில் சு. செங்கமலம்
சரி என்று ஒரு வரி அனுப்பினால்தான்
தராசுத் தட்டு அசையும்.

நான் ஒப்பந்த ஆள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
முக்கால் மணி நேரம் நனைந்துவிட்டு வந்தவன்.
முதலில் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன்,
எல்லாரும் ஏற்கெனவே தொட்டுப் பார்த்த கேபிளை.
பச்சை விளக்கு சிமிட்டியது.
எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்
நாலு தடவையும் சர்வர் வாய் திறக்கிறது.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சத்தமே இல்லை.
முகவரிப் புத்தகம்
ஜூன் பதினொன்றோடு நின்றுபோயிருந்தது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"
"மறுநாள் மேட்டூர் தெறப்பு, பாதிப் பேரு லீவு"
என்றார் அந்தோணிசாமி.
"தண்ணி மாதிரிதான் தம்பி.
கடைமடைக்கு வரலன்னா மேல எங்கயோ அடைப்பு."
பாமணியாற்றின் வாலில் அவருக்கு ஆறு மா.
எதைக் கேட்டாலும் அங்கேதான் போய் நிற்பார்.
எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை.
ஆனாலும் மேலே ஏறித்தான் பார்த்தேன்.

பெயர் விசாரிக்க ஒவ்வொரு கணினியும் போகிற இடம்
யாரோ கையால் எழுதிவைத்த ஓர் எண்.
கடைசி இலக்கம் பத்து.
பழைய சர்வர் குடியிருந்த எண் அது.
ஜூனில் அதைத் தஞ்சாவூருக்கு ஏற்றி அனுப்பியாயிற்று.
அப்படியென்றால் இப்போது பத்தில் யார்?
அறை அறையாகத் தேடினேன்.
மாடிப்படிக்குக் கீழே, மடித்த சாக்கின்மேல்,
புது பிரிண்டர்.

நாலு மாதமாகப் பதினோரு கணினிகள்
அதனிடம் போய் விசாரித்திருக்கின்றன,
செங்கமலம் எங்கே, குஞ்சிதபாதம் எங்கே,
வலங்கைமான் கிடங்கு எங்கே என்று.
பாவம்,
தாள் தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர
அதற்கு வேறு பேச்சு தெரியாது.

எண்ணை மாற்றினேன், பதினோரு இடத்திலும்.
புத்தகம் மெல்ல இறங்கத் தொடங்கியது.
டீ வந்தது. அப்போதுதான் தோன்றியது,
முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.
"இத்தனை நாளு எப்படி அனுப்புனீங்க?"
"செ அடிச்சா அதுவா ஒண்ணு வரும்ப்பா.
பதிலும் வந்துக்கிட்டுதான இருந்துச்சு.
நேத்து வைரஸ்னு பயந்து
இவருதான் எல்லாத்தையும் அழிச்சுட்டாரு."
அந்தோணிசாமி பேரேட்டுக்குள் குனிந்தார்.

மணி நாலரை. தொலைபேசி.
"மன்னார்குடிங்களா? முத்துப்பேட்டை கிடங்குலேருந்து
சி. செங்கமலம் பேசுறேன், சாக்குக் கணக்கு.
இன்னைக்கு ஒங்க ஈரக் கணக்கு வரலியே?
மழையா இருக்கேன்னு கேட்டேன்."

தினமும் வந்ததைத் திருவாரூருக்குத் தள்ளி,
அங்கிருந்து வந்ததை இங்கே தள்ளி,
நடுவில் தன் சாக்குகளையும் எண்ணியிருக்கிறாள்.
"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"
"மொத நாளு மூட்டை நனையுமேன்னு அனுப்புனேன்.
மறுநாளும் வந்துச்சு."

புத்தகம் இறங்கி முடிந்தது.
மேடம் செ அடித்தார்.
ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பேர்.
அவர் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வேலைச் சீட்டில்
பழுது: தவறான எண்.
சரிசெய்தவர் என்ற கட்டத்தில்
என் பெயரைத்தான் எழுதினேன்.
பில் வேண்டுமே,
முந்நூறு ரூபாய், பெட்ரோல் தனி.