மணிக்கு எவ்வளவு

ஓஸ்லோவிலிருந்து என்னை அனுப்பியபோது
கேள்வி ஒரே வரியில் இருந்தது:
விமானத்தை நம் ஆட்களே பழுதுபார்ப்பது மலிவா,
கம்பெனிக்காரர்கள் பார்ப்பது மலிவா?
மூன்று வாரம். ஒரு தீவு. நவம்பர்.
பகல் என்று அங்கே சொல்லப்படுவது
பதினொரு மணிக்கு வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

தாளின் நடுவே கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் விமானப்படை: மணிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு குரோனர்.
வலப்பக்கம் கம்பெனி: அறுநூற்று ஐம்பத்தைந்து.
மாலைப் படகிலேயே திரும்பிவிடலாம் போலிருந்தது.

அப்புறம்தான் கொட்டகையின் சூட்டைக் கவனித்தேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு;
உள்ளே கையுறையைக் கழற்றலாம்.
இந்தச் சூட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?
நாங்கள்.
கம்பெனி ஆள் ஏறி நிற்கும் ஏணி?
எங்களுடையது.
அவர் தலைக்கு மேல் எரியும் விளக்கு,
எண்ணெய் விரலால் புரட்டும் கையேடு,
கழிவறைக் காகிதம்கூட.
அறுநூற்று ஐம்பத்தைந்து என்பது
சுண்டைக்காயின் விலை மட்டும்.
சுமைகூலி என் பக்கத்தில் ஏறியிருந்தது.

எங்கள் பக்கமும் யோக்கியமில்லை.
ஓய்வூதியம் வேறோர் அமைச்சகத்தின் தாளில் பதுங்கிக் கிடக்கிறது.
பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போன நான்கு மெக்கானிக்குகள்
அந்த வாரம் முழுக்க வால் சுக்கானைச் சரிசெய்ததாகப்
பதிவேடு சாதிக்கிறது.

இவை கடலை உரசிக்கொண்டு பறக்கும் விமானங்கள்,
நீர்மூழ்கிகளையும் கரை சேராத மீன்படகுகளையும் தேடி.
திரும்பும்போது வயிறெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்.
இடது இறக்கையின் வேரில், ஒரு ரிவெட்டின் கீழே
உப்பு அலுமினியத்தைச் சாம்பல் மாவாக்கியிருந்தது.
கம்பெனி மேற்பார்வையாளர் குன்வோர் ரிஸ்னெஸ்
ஒப்பந்தத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தை விரித்தார்.
'பார்ப்பது எங்கள் வேலை.
பார்த்ததைச் சரிசெய்வதற்குத் தனி.'
குரலில் கள்ளம் இல்லை.
அந்த வரியை எழுதியது எங்கள் அலுவலகம்,
என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி.

இரண்டாம் வாரம், வியாழன் இரவு
ஒரு சாக்கெட்டைக் காணவில்லை. பத்து மில்லிமீட்டர்.
கருவித் தட்டில் அதன் வடிவத்தில் ஒரு குழி, காலியாக.
கிடைக்கும்வரை விமானம் நகராது.
வானத்தில் அது உருண்டு
ஒரு கம்பிக்கும் கப்பிக்கும் நடுவே போய் உட்கார்ந்தால்
கணக்குப் பார்க்க வருவது வேறு ஆட்கள்.
பன்னிரண்டு பேர், மூன்றரை மணி நேரம்,
டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக அதன் குடலுக்குள் தவழ்ந்தார்கள்.
கிடைத்தது,
ஒரு காப்பிக் கோப்பையின் அடியில், கசண்டோடு.
யாருடைய கோப்பை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கம்பெனி ரசீதில்:
'காத்திருப்பு, ஆறு பேர், இருபத்தொரு மணி.'
எங்கள் ஆறு பேருக்கு அப்படியொரு கட்டமே இல்லை.
அவர்கள் தேடவே இல்லை.

எய்லிஃபை இரண்டு பக்கத்திலும் கண்டேன்.
ஜூன்வரை இடப்பக்கம், சார்ஜண்ட்.
ஆகஸ்டிலிருந்து வலப்பக்கம், நீல ஜாக்கெட்.
அதே முழங்கால் பட்டை, அதே இடதுகைப் பழக்கம்,
இயந்திர உறையின் பதினாறு திருகுகளுக்கு
அதே பத்தொன்பது நிமிடம்.
'என்ன வித்தியாசம்?' என்றேன்.
யோசித்தார்.
'இந்த ஜாக்கெட் கொஞ்சம் கதகதப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.'
எழுதிக்கொண்டேன்.

பதினோரு ஆண்டு அவருக்குப் படை கற்றுக்கொடுத்த செலவு
எந்தப் பக்கம்?
நடுக்கோட்டின் மேலேயே எழுதிப் பார்த்தேன்,
இடம் போதவில்லை.

அறிக்கை முப்பத்தொரு பக்கம்.
அமைச்சர் அலுவலகம் ஓர் எண் போதும் என்றது.
கொடுத்தேன்: நான்கு சதவீதம், கம்பெனி மலிவு.
அடிக்குறிப்பில், கண்ணாடி போட்டால் தெரியும் எழுத்தில்:
ஒன்பது சதவீதம் முன்பின் இருக்கலாம்.

அனுப்பிய இரவு ஒரு விமானம் இறங்கியது,
வடக்கே ஓர் இறால் படகைத் தேடிவிட்டு.
கண்டுபிடித்தார்களா என்று கேட்கத் தோன்றவில்லை.
கொட்டகை வாசலில் எய்லிஃபும் சீருடைப் பையன் ஒருவனும்
ஒரே குழாயைப் பிடித்து வெந்நீர் அடித்தார்கள்.
உப்பு வழிந்தது.
தரையில் உறைவதற்குள் தள்ளிவிட ஆள் போதவில்லை.
ரப்பர் துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது, எடுத்தேன்.
பத்து நிமிடம்.
என் மணிக்கூலி இருவரையும்விட அதிகம்.

பையில் கைபேசி அதிர்ந்தது. அமைச்சர் அலுவலகம்.
'நன்றி.
எரிபொருளும் சேர்த்துத்தானே?'