மூன்றாவது குழியா, நான்காவதா

டர்பன், வெஸ்ட்வில் குன்று. எட்டு மணி மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
பதினோரு நொடி இருட்டு.
அதற்குள் என் பிப்பெட்
தடுப்பு மருந்தை எங்கோ இறக்கிவிட்டது.
மூன்றாவது குழியா, நான்காவதா?

"எழுதி வைத்தாயா தயாளினி?" என்றாள் நொம்பூசோ.
இல்லை.

எலியின் கட்டியொன்றில் பிறந்த செல்கள்.
என்னவாக ஆவதென்று முடிவு செய்யாமல் வந்தவை.
வாசலில் ஒரு புரதம் தட்டும்.
உள்ளே ஒரு கைனேஸ் விழித்து
அடுத்ததன் மேல் பாஸ்பேட் ஒன்றை ஒட்டும்,
அது அடுத்ததன் மேல்,
தீமிதிக்கு முந்தின நாள்
கோயில் வளவில் விறகு கைமாறுவதுபோல,
உட்கரு வரைக்கும்.

தட்டுகிறவர் வேறாகலாம், ஓடும் சேதி ஒன்றுதான்.
சில நிமிடத்தில் ஓய்ந்தால்
செல் இரண்டாகப் பிரிந்து தன்பாட்டுக்குப் போகும்.
மணிக்கணக்கில் ஓயாதிருந்தால்
பிரிவதை நிறுத்தும்.
கை நீட்டும்.
நரம்பாகும்.

இன்னொரு பாதை உண்டு. என் மருந்து அடைப்பது அதை.
சாவு இவற்றுக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.
கத்தி உள்ளேயே, உறையில்.
"இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம்" என்று
ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கும்வரை உயிர்.
அவன் பெயர் ஆக்ட். கூப்பிட அழகான பெயர்கூட இல்லை.

சாட்ஸ்வர்த் திரும்பும் வழியில் ரோபோக்கள் எல்லாம் அணைந்திருந்தன
(சாலை விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்).
சந்திப்பின் நடுவில், கிழிந்த மஞ்சள் மேலங்கியோடு,
யாரும் வேலைக்கு வைக்காத ஒருவன்
நீ நில், நீ போ என்று
கையை இறக்காமல் காட்டிக்கொண்டிருந்தான்.
ஐந்து ரேண்ட் கொடுத்தேன். அவன் காசைப் பார்க்கவில்லை.
லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

காலை ஆறரை. நுண்ணோக்கி.
மூன்றாவதில், ஐந்து நாள் ஊட்டி வளர்ந்த இழைகள்
பக்கத்துச் செல்லைத் தேடி, இன்னும் கொஞ்சம் நீண்டு.
நான்காவதில் எல்லாம் உருண்டு, சுருங்கி,
பிடிவிட்டு மிதந்தன.

விடை தெரிந்துவிட்டது.
விடையை வைத்துக்கொண்டு
நேற்றைய இருட்டைத் திருத்தக் கூடாது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
தட்டு பன்னிரண்டு. மின்வெட்டு. ஐயம். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நொம்பூசோ பிளீச் புட்டியோடு வந்தாள்.
குழிக்கு ஒரு மில்லி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.
மூன்றாவதை மட்டும்
கடைசியில் ஊற்றச் சொன்னேன்.
ஏனென்று அவள் கேட்கவில்லை.